மூடியில் எழுதிய எண்

தட்டில் இருபது டப்பாக்கள் இருந்தன. சீட்டுகள் பத்தொன்பதுதான்.

ஸ்லைடக்கா மறுபடியும் எண்ணினாள். காலை ஏழேகால் மணி. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை, பினாயில் வாடை மூக்கை அரித்தது. வந்ததும் வராததுமாக எண்ணிக்கை உதைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அவளுக்கு எரிச்சல் வர இவ்வளவுகூட வேண்டாம். அடுத்தவர் நெஞ்சிலிருந்து வந்த சளியை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கிருமி தேடுவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவளைவிட மூத்தவரான மேனேஜருக்கும் அவள் ஸ்லைடக்காதான்.

"டோக்கன்," என்று கவுண்டர் பக்கம் குரல் கொடுத்தாள். சீட்டு எழுதி, டப்பா வாங்கி வைக்கும் ஆளுக்கு அந்தப் பெயர்.

"என்னக்கா, காலங்காத்தால?"

"எத்தனை பேர்கிட்ட வாங்குனீங்க?"

"பத்தொன்பது. இருபதாவது ஆள் தெருவுல இருமினாக்கூட எனக்குக் கேட்டிருக்கும்."

"இங்க இருபது இருக்கு."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தட்டின் ஓரத்தில் இருந்த டப்பாவை எடுத்தாள். உடம்பில் எண் இல்லை. மூடியில் மட்டும் இருந்தது: 17. அன்றைய பதினேழு வேறொருவருடையது, அது அதன் வரிசையில் ஒழுங்காக நின்றது. இது மட்டும் கையுறையையும் தாண்டிச் சூடாக இருந்தது, நெஞ்சைவிட்டு இப்போதுதான் வந்ததுபோல.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. எண்ணை டப்பாவின் உடம்பில் எழுது, மூடியில் எழுதாதே. மூடி கழலும், உருளும், இடம் மாறும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தட்டை மேலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது மூடிதானே என்று அவசரத்துக்கு எல்லோரும் மூடியில்தான் எழுதுவார்கள். அவளும்தான்.

யாரோ சீட்டுப் போடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி அந்த டப்பாவைக் கிருமிநாசினி வாளியில் போட்டாள். அன்று முழுக்க அந்த வாளிப் பக்கம் திரும்பவே இல்லை.

பதினேழு என்ற எண்ணை அவளுக்கு ஏன் பிடிக்காமல் போனது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாற்பது நாளுக்கு முன் ஒரு பெயிண்டர் வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. மூன்று வாரமாக விடாத இருமல். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான். கூடத்தை ஒட்டி, மேல்பாதி கம்பிவலை அடித்த ஒரு சின்ன இருமல் அறை உண்டு. நோயாளி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு இருமி, சுவரில் இருக்கும் சிறு ஜன்னல் வழியாக டப்பாவைக் கூடத்துக்குள் நீட்ட வேண்டும்.

"எச்சில் வேண்டாம்ங்க. மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அப்புறம் அடியிலேர்ந்து இருமுங்க," என்றாள்.

"பழைய பெயிண்ட்ட செவுத்தோட சுரண்டி எடுக்கிற மாதிரி. அவ்வளவுதானே?" என்று அவர் சிரித்தார். சொன்னதுபோலவே இருமினார். தகட்டால் சுவரைச் சுரண்டுகிற சத்தம்.

அன்றைக்கு முப்பத்துநான்கு டப்பா. மதியத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று மேனேஜர் கழுத்துக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொன்றாகத் திறந்து, தேய்த்து, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். அவள் ஒரு வரிசையையே மொத்தமாகத் திறந்து வைத்தாள். முழங்கை பட்டது. இரண்டு மூடிகள் உருண்டன, எட்டும் பெயிண்டருடைய பதினேழும். எது எதனுடையது என்று குத்துமதிப்பாக வைத்து மூடினாள். நுண்ணோக்கியில் எட்டாம் எண்ணில் காசநோய்க் கிருமி தெரிந்தது, நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். பதினேழு சுத்தம். அறிக்கை போய்விட்டது.

சாயங்காலம் டப்பாக்களை வாளியில் கொட்டும்போதுதான் பார்த்தாள். எட்டு என்று மூடி போட்டிருந்த டப்பாவின் உடம்பில், வெள்ளைப் பெயிண்டில் ஒரு கட்டைவிரல் ரேகை.

மேனேஜரிடம் போகாமல் இல்லை, போனாள். "சார், ரெண்டு மூடி மாறியிருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவள் கையுறையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியலன்னா விடுங்க. போன ரிப்போர்ட்ட நோண்டாதீங்க."

விட்டுவிட்டாள். எட்டாம் எண்ணுக்குரிய பாட்டு டீச்சர் தனக்கில்லாத நோய்க்கு மாத்திரை விழுங்க ஆரம்பித்தார். நோயுள்ள பெயிண்டர், ஒன்றுமில்லை என்று எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு மாதம். பிறகு ஒரு நாள் ஏணியில் நின்றபடியே ரத்தமாக இருமிச் செத்துப்போனார்.

அவர் மனைவி அந்தத் தாளோடு வந்தது, இருபதாவது டப்பா முளைத்ததற்கு முந்தின நாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்களே. அப்புறம் எப்படிங்க இப்படி ஆகும்?"

உண்மையைச் சொல்ல நல்ல நேரம் அதுதான். ஸ்லைடக்கா வாய் கூசாமல் சொன்னாள்: "ரிப்போர்ட்ல தப்பில்லம்மா. அவர் சளிக்குப் பதிலா எச்சிலத் துப்பிக் கொடுத்திருப்பாரு. அடியிலேர்ந்து இருமலன்னா எங்களுக்கு எதுவும் தெரியாது."

அந்தத் தொழிலில் எல்லோர் கைவசமும் இருக்கும் சாக்கு அது. பழியைச் செத்தவர் தலையில் கட்டியாயிற்று. அவர் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறார்?

அந்த அம்மா தாளை மடித்தாள். "எம் பொண்ணும் ரெண்டு வாரமா இருமுறா. அப்பா ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்குன்னு டாக்டர் சிரப் மட்டும் எழுதிக் குடுத்தாரு. அவளுக்கும் பார்க்கணுமா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தாக் கூட்டிட்டு வாங்க," என்று ஸ்லைடக்கா அடுத்த சீட்டை எடுத்தாள்.

இதுதான் நடந்தது.

இரண்டாம் நாள் காலையிலும் ஒரு டப்பா அதிகம். மூடியில் 17. அதே சூடு.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள். டோக்கனாக இருக்கும், அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை. இல்லாவிட்டால் மேனேஜர், ஆழம் பார்க்கிறார். அந்த அம்மாவாகக்கூட இருக்கலாம். யாராக இருந்தாலும் சரி, பரிசோதித்தே பார்த்துவிடுகிறேன் என்று மரக்குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்தாள். சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடரைக் காட்டி, ஆவி எழும்வரை காத்திருந்தாள். அமிலத்தால் கழுவினாள். நீலம் ஊற்றினாள். காய்ந்ததும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

சளி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தாலும் வாயைக் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும். அதனால் வாயின் உட்தோல் செல்கள் ஒன்றிரண்டாவது, பெரிய பெரிய அப்பளம்போல, எந்த ஸ்லைடிலும் கிடக்கும். பதினெட்டு வருடத்தில் அவை இல்லாத ஸ்லைடு ஒன்றைக்கூட அவள் கண்டதில்லை. இதில் ஒன்றுமே இல்லை. ஸ்லைடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினாள். வாய் வழியாக வராத சளி. இதைவிடச் சுத்தமான மாதிரியை யாராலும் கொடுக்க முடியாது. எங்கு பார்த்தாலும் சிவப்புக் குச்சிகள், எண்ணி மாளாது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

அது சுரண்டுகிற சத்தம். தகடு சுவரில் மேலேறி, நின்று, மறுபடி கீழிறங்கிவருகிற மாதிரி நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"டோக்கன், இருமல் அறையில யாரு?"

"யாரும் இல்லக்கா. எல்லாரும் குடுத்துட்டு அப்பவே போயாச்சு."

அவள் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். நல்ல வெயில். காம்பவுண்ட் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. இருமல் அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"யாருங்க உள்ள?"

இருமல் நின்றது. கம்பிவலையில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். காலி நாற்காலி. இருமுவது எப்படி என்று படம்படமாகப் போட்ட சுவரொட்டி. யாரும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாடை மட்டும் குப்பென்று வந்தது, அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து ஏழெட்டு வருடமாகிறது. சிறு ஜன்னலின் சட்டத்தில், காயாத வெள்ளையில், ஒரு கட்டைவிரல் ரேகை.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பதினேழாம் நம்பர் ரிப்போர்ட்டத் திருத்தணும்."

"செத்தவருக்குத் திருத்தி என்ன பண்ணப்போறீங்க?"

"வீட்ல பொண்ணு இருக்கா, சார். அவளுக்கும் இருமல். அப்பாவுக்கு இந்த நோய்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் அவளக் கவனிப்பாரு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த மாசம் ஆய்வுக்கு வராங்க. பதிவேட்டுல யார் கையெழுத்து இருக்கு? என்னுதா, உங்களுதா?"

"என்னுது."

"அப்ப யோசிச்சுப் பேசுங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கழுத்துக்குப் பின்னால் நின்று விரட்டியவன் இவன். நோண்டாதே என்றவன் இவன். இப்போது கை கழுவுகிறான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டுவது வசதியாக இருந்தது. திட்டிக்கொண்டிருக்கும்வரை, பேனா தன் கையில்தான் இருந்தது என்பதை நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வேற டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டேன்," என்று சீட்டை நீட்டினாள். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிச் சீருடை தோளில் தொளதொளத்தது. அப்பாவைப் போலவே சிரித்தாள்.

ஸ்லைடக்காவே டப்பாவை எடுத்தாள். டப்பாவின் உடம்பில், தன் கையாலேயே, அழுத்தமாக எழுதினாள்: 11. மூடியில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"எங்கக்கா இருமணும்?"

இருமல் அறையைக் காட்ட அவளுக்குக் கை எழவில்லை. வெளியே மரத்தடியில் போய் இருமு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டோக்கன், "அந்தா அங்கம்மா, உள்ள போய்த் தாழ் போட்டுக்கோ," என்றுவிட்டார்.

தாழ் விழுந்தது.

ஸ்லைடக்கா கூடத்துக்குள் ஓடிவந்து சிறு ஜன்னலருகே நின்றாள். முதலில் சின்ன இருமல், தொண்டையோடு நின்ற இருமல். எச்சில்தான் வரும். பிறகு ஓர் ஆண்குரல். மெதுவாக. அவளுடைய சொற்களை, அவள் சொல்லும் வரிசையிலேயே.

"மூச்ச நல்லா இழு. பிடி. அடியிலேர்ந்து."

சுரண்டும் சத்தம். அதன் பின்னாலேயே, அதைப் பார்த்துச் செய்வதுபோல, அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து ஆழமான இருமல்.

ஜன்னல் திறந்தது. பெண்ணின் கை டப்பாவை நீட்டியது. வாங்கிக்கொண்டாள்.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "எங்கடி போய்ச் சாஞ்ச? தோளெல்லாம் சுண்ணாம்பு." தட்டிவிடும் சத்தம். "பாரு, அஞ்சு விரலும் அச்சு மாதிரி."



ஸ்லைடக்கா டப்பாவைத் தட்டில் வைத்துவிட்டுச் சீட்டைக் கிளிப்பில் மாட்டத் திரும்பினாள். ஒரு நொடிதான் இருக்கும். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

எல்லா மூடியிலும் 17.

ஒவ்வொன்றாகத் தூக்கினாள். உடம்பில் எண் இல்லை. அடுத்தது. இல்லை. அடுத்தது. அவள் கையால் எழுதிய பதினொன்று எங்கும் இல்லை. எல்லாமே சூடு. எல்லாம் ஒரே நிறம். இதில் எது அந்தப் பெண்ணுடையது? எப்படிக் கண்டுபிடிப்பாள்? குத்துமதிப்பாகவா?

சுவருக்கு அப்பால் இருமல் தொடங்கியது. இந்தமுறை நிதானம் இல்லை. ஆத்திரம். சுரண்டல். சுரண்டல். சுரண்டல். கண்ணாடி ஜாடிகள் அலமாரியில் அதிர்ந்தன. சுண்ணாம்பு உதிர்ந்து பதிவேட்டின் மேல் விழுந்தது.

"என்னய்யா வேணும் உனக்கு?" என்று கத்தினாள். "நான் மட்டுந்தானா? அந்தாள் விரட்டலையா? முப்பத்திநாலு டப்பா. ரெண்டு கை. நான் என்ன செய்வேன்?"

இருமல் நிற்கவில்லை.

"செத்தவன் வந்து கேட்கமாட்டான்னு நினைச்சேன். போதுமா?"

நிற்கவில்லை.

பதிவேட்டைப் பிரித்தாள். நாற்பது நாள் பின்னால். நோய் உண்டு என்றால் அந்தப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுவதுதான் வழக்கம். சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஓங்கிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பதினேழு, கிருமி உண்டு. எட்டு, கிருமி இல்லை. மூடி மாறியது. மாறியது அன்றே எனக்குத் தெரியும். தவறு என்னுடையது. கையெழுத்து.

இருமல் நின்றது.

தட்டைப் பார்த்தாள். எண்கள் அதனதன் இடத்தில். பதினொன்று, டப்பாவின் உடம்பில், அவள் கையெழுத்தில்.

அந்த அமைதி போவதற்குள் செய்துவிட வேண்டும் என்று, அதையே ஓர் அறிக்கைத் தாளிலும் சிவப்பில் எழுதிக்கொண்டு வெளியே போனாள். அம்மாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் சரியாத்தான் குடுத்தாரும்மா. எச்சில் இல்ல. நல்லா அடியிலேர்ந்துதான் குடுத்தாரு. நாந்தான் மூடிய மாத்திட்டேன். அவருக்கு இருந்தது காசநோய். இதை எடுத்துட்டு இப்பவே டாக்டர்கிட்ட போங்க. பொண்ணுக்கு நேரம் இருக்கு."

அந்த அம்மா தாளை வாங்கினாள். சிவப்பு எழுத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"சாகுறதுக்கு முந்தின ராத்திரிகூட சொன்னாரு," என்றாள். "எனக்கு ஒழுங்கா இருமத் தெரியல போலிருக்குன்னு. தன்னையே திட்டிக்கிட்டாரு. இதை அப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, கைநீட்டவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாட்டு டீச்சரை உடனே வரச் சொல்லும்படி டோக்கனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தாள் ஸ்லைடக்கா. டோக்கன் அதைப் படித்துவிட்டு முதல்முறையாகக் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

கூடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தாள். டப்பாக்களை எண்ணினாள். பத்தொன்பது. சீட்டுகள் பத்தொன்பது. வெயில் மேசைமேல் சரிந்திருந்தது. வேலை போகும், போகட்டும். பல நாளுக்குப் பிறகு மூச்சு தடையில்லாமல் உள்ளே போனது.

உள்ளே போனது. ஆழமாக. அங்கே எதுவோ அரித்தது.

சிறு ஜன்னல் நகர்ந்து திறந்தது.

ஒரு கை. நகக்கண்ணெல்லாம் வெள்ளை. ஒரு டப்பாவை நீட்டியது.

காலி டப்பா.

மூடியில் ஒன்றும் எழுதவில்லை. டப்பாவின் உடம்பில், சின்னத் தூரிகையால், வெள்ளைப் பெயிண்டில், பிசிறில்லாமல் எழுதியிருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத அவளுடைய பெயர்.

வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மூச்சு தானாக இழுத்தது. தானாகப் பிடித்தது. பிறகு வந்தது. தொண்டையிலிருந்து இல்லை.

சுரண்டும் சத்தம்.

கை பின்வாங்கவில்லை. ஈரப் பெயிண்ட் ஒரு துளி அவள் பெயரிலிருந்து வழிந்து ஜன்னல் சட்டத்தில் சொட்டியது. டப்பா அவள் வாயை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து, அப்படியே நின்றது.